பேனலுக்கு வாக்களிப்பதா, ஆளுக்கு வாக்களிப்பதா? கல்லூரி நிர்வாகக் குழுத் தேர்தல் குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் கல்விச் சங்கம் ஒன்று நடத்தும் கலை அறிவியல் கல்லூரிக்கு நிர்வாகக் குழுத் தேர்தல் வருகிறது. சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் என்ற முறையில் எனக்கு வாக்குண்டு. இரண்டு அணிகள் நிற்கின்றன. இரண்டுக்குப் பின்னாலும் அரசியல் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஆதரிக்கும் கட்சியின் அணியில் செயலாளர் பதவிக்கு நிற்பவர் மீது எனக்கு நம்பிக்கையில்லை. எதிரணியில் பொருளாளருக்கு நிற்பவர் கணக்கில் நேர்மையானவர் என்று ஊரே சொல்கிறது. "பேனலை உடைக்காதே மாப்பிள்ளை, உடைந்தால் குழு முடங்கிவிடும்" என்கிறார் என் தாய்மாமா. பிரித்து வாக்களித்தால் என் வாக்கு செல்லாமல் போகுமா? மாமா சொல்வது போலக் குழு முடங்குமா?

பதில்: பிரித்து வாக்களிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பவை உண்மையானால், அப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்பு சங்கத்தின் துணைவிதிகளை வாங்கி, தேர்தல் பற்றிய பகுதியில் இரண்டு இடங்களை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

முதலாவது, பொதுக்குழு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. சில சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய ஒவ்வொரு பதவிக்கும் உறுப்பினர்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். வேறு சிலவற்றில் உறுப்பினர்கள் செயற்குழுவை, அதாவது நிர்வாகக் குழுவை, மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்தச் செயற்குழு தனக்குள் கூடிப் பொறுப்பாளர்களை முடிவு செய்யும். நேரடி முறை என்றால் நீங்கள் நினைத்தபடியே ஒரு பதவிக்கு இந்த அணியிலும் இன்னொரு பதவிக்கு அந்த அணியிலும் வாக்களிக்கலாம். இரண்டாம் முறை என்றால் கணக்கு மாறுகிறது: செயற்குழுவில் எந்த அணிக்குப் பெரும்பான்மை கிடைக்கிறதோ, அந்த அணியே செயலாளரை முடிவு செய்யும். ஆகவே, உங்களுக்கு நம்பிக்கையில்லாத அந்த ஒருவர் பெயரை மட்டும் விட்டுவிடுவது அவர் செயலாளராவதைத் தடுக்கப் போதாது. அவருடைய அணியின் பெரும்பான்மையையும் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, எந்த வாக்குச்சீட்டு செல்லாது என்பது. பதவிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகக் குறியிட்டால் சீட்டு செல்லாது என்பது பொதுவான நடைமுறை. குறைவாகக் குறியிட்டாலும் செல்லாது என்று எழுதி வைத்திருக்கும் துணைவிதிகளும் உண்டு. உங்கள் சங்கத்தில் அப்படி இருந்தால், பிடிக்காதவரை விட்டுவிட்டு வெறுமையாக விட முடியாது; அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வாக்குச்சாவடிப் படிக்கட்டில் கையில் திணிக்கப்படும் பேனல் சீட்டில் வரிசை எண்கள் மட்டும் அச்சிட்டிருக்கும்; பலர் அதைப் பார்த்து அப்படியே குறியிட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் பிரித்து வாக்களிப்பதென்றால் உங்களுடைய பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

இனி, கட்சி என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் அதன் ஆவணம் சொல்வதே விதி, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் சில விதிகள் வேறு. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு முறை அதிகபட்சம் மூன்று ஆண்டுகளே பதவிக்காலம். இந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, கொறடா கிடையாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உரியது. கல்லூரி நிர்வாகக் குழுவுக்குப் பொருந்தாது. நம்பிக்கையில்லாத ஒருவரைக் காட்டி, "அவரைக் கட்சி பார்த்துக்கொள்ளும், நீ ஓட்டைப் போடு" என்று யாராவது உறுதியளித்தால், அந்த உறுதிக்குச் சட்டத்தில் பிடிமானம் எதுவும் இல்லை. வென்ற மறுநாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குக் காசோலையில் கையெழுத்திடப் போவது அந்த மனிதர்தான், கட்சி அல்ல.

நம் ஊர்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. தமிழகத்தில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. ஒன்றிய, மாவட்ட ஊராட்சி வார்டுகளில்தான் சின்னங்கள் வருகின்றன. ஒரே நாளில், ஒரே சாவடியில், ஊராட்சித் தலைவருக்கு ஆளைப் பார்த்தும் மாவட்ட ஊராட்சிக்குக் கட்சியைப் பார்த்தும் வாக்களித்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அப்படிச் செய்ததற்காக யாரும் அவர்களைக் கட்சித் துரோகி என்று சொன்னதில்லை. கட்சியின் கொள்கைக்குச் சட்டமன்றத்தில் வேலை இருக்கிறது. கல்லூரியில் விடுதித் தண்ணீருக்கும் பேராசிரியர் சம்பளத்துக்கும் வேதியியல் ஆய்வகத்துக்கும் கொள்கை வேறுபாட்டால் ஆகப்போவது மிகக் குறைவு.

செயலாளர் பதவியை எடுத்துக்கொள்வோம். கல்லூரியின் கடிதப் போக்குவரத்து, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துடனான இணைப்பு விவகாரங்கள், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம், வழக்குகள் எல்லாம் அவர் கைவழியாகப் போகின்றன. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமையும் கல்லூரிக் குழுவில் முதல்வருக்கும் இடம் உண்டு; ஆசிரியர் நியமனமும் ஒழுங்கு நடவடிக்கையும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் சொத்தும் நிதியும் கல்லூரியை நடத்தும் சங்கத்திடமே இருக்கின்றன. செயலாளருக்கு இந்த இரண்டிலும் கை இருக்கும். ஆகவே, அவரிடம் நேராகக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சுயநிதிப் பிரிவில் ஓர் உதவிப் பேராசிரியர் பணியிடம் காலியானால், அதை எப்படி விளம்பரம் செய்வீர்கள், தேர்வுக் குழுவில் யார் இருப்பார்கள்? பதில் தெளிவாக வராவிட்டால், அல்லது "அதெல்லாம் நம்ம பையன்களுக்குப் பார்த்துச் செய்வோம்" என்று வந்தால், வேலைக்குப் பணம் வாங்கும் வழக்கம் எங்கே தொடங்குகிறது என்பது உங்களுக்கு விளங்கிவிடும். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான 'நெட்', 'செட்' ஆகியவற்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்புவதைவிடப் பெரிய கொடுமை ஒரு கல்லூரியில் நடக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அவரிடம் கேட்க இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இது கடற்கரைக்காரர்கள் கேட்க வேண்டியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். வீட்டில் வருமானம் நின்றுபோன இரண்டு மாதத்தின் கடைசியில், முதல் பருவக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், மீனவக் குடும்பம் வட்டிக்கு வாங்கும், அல்லது பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தும். தவணையைக் கடல் திறந்த பிறகு இரண்டு மூன்றாகப் பிரித்துத் தர நிர்வாகக் குழுவால் முடியும். ஒரு தீர்மானம் போதும். அதேபோல, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும் மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு அது வருகிறது, எத்தனை பேருக்கு எந்தச் சான்று இல்லாததால் நின்றிருக்கிறது என்று வேட்பாளரிடம் கேளுங்கள். மாணவர்களோடு பழகுகிற மனிதருக்கு அதில் பாதியாவது தெரிந்திருக்கும்.

பொருளாளரைப் பொறுத்தவரை "நேர்மையானவர்" என்று ஊர் சொல்வது நல்ல தொடக்கம், ஆனால் போதாது. அவருக்குக் கணக்கு வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் சங்க அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே இழுத்தடித்தால், ராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம் தாக்கல் செய்த ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். மூன்று ஆண்டுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "முன்பணம்" என்ற தலைப்பில் ஒரே தொகை மூன்று ஆண்டும் அசையாமல் நின்றால், அது யாருக்குக் கொடுத்த பணம், ஏன் திரும்பவில்லை என்பது முதல் கேள்வி. கடல் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்வது நம் பகுதிக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லை. ஆகவே பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் வருவதில் தவறில்லை. ஆனால் ஒரே வகுப்பறைத் தொகுதிக்கு மூன்று ஆண்டும் பராமரிப்பு எழுதப்பட்டிருந்தால், ஒப்பந்தக்காரர் யார், அவர் குழு உறுப்பினருக்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும். மாணவர்களிடம் வாங்கிய காப்புத்தொகை திருப்பித் தரவேண்டிய பணம். அது கடன் பக்கத்தில் காட்டப்பட்டிருக்கிறதா, அதற்கு ஈடான பணம் வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது வருங்கால வைப்புநிதி. ஊழியரிடம் பிடித்த தொகையை, நிர்வாகத்தின் பங்கோடு சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். அது நிலுவையில் இருப்பதாகத் தணிக்கையாளர் குறிப்பு எழுதியிருந்தால், துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், ஆய்வக உதவியாளர் ஆகியோரின் பணத்தை எடுத்து நிர்வாகம் வேறு செலவை ஓட்டுகிறது என்று அர்த்தம். பழைய குழுவில் இருந்தவர்கள் எந்த அணியில் நின்றாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மற்ற செயற்குழு இடங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கூட்டத்துக்கு வருபவரா, தனக்கும் கல்லூரிக்கும் இடையே வியாபாரம் எதுவும் இல்லாதவரா என்பதைப் பாருங்கள். பெண்கள் நின்றால் அவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். பாதி மாணவர்கள் பெண்பிள்ளைகளாக இருக்கும் கல்லூரியில், கழிப்பறையும் மாலைப் பேருந்தும் பற்றிய பேச்சு ஆண்கள் மட்டும் உட்காரும் மேசையில் எழுவதே இல்லை.

குழு முடங்கும் என்ற உங்கள் மாமாவின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. இரு அணியினரும் கலந்த குழுவில் சாதாரண முடிவுகள் தடைபடுவதில்லை, ஏனெனில் அவை வந்தவர்களின் பெரும்பான்மையால் நிறைவேறும். தடைபடுவது காசோலை. பெரும்பாலான சங்கங்களில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கும். இருவரும் எதிரெதிர் அணிகளாக இருந்து, ஒருவர் கோபத்தில் கையெழுத்தை நிறுத்தினால், அந்த மாதம் சம்பளம் போகாது. ஆனால் இருவரும் ஒரே அணி, ஒரே வீட்டுக்காரர்கள் போல இருந்தால், தவறான காசோலையைத் தடுக்க ஆளே இருக்காது. இந்த இரண்டு ஆபத்துகளில் முதலாவதைச் சமாளிக்க வழி உண்டு. நீங்கள் நம்பும் அந்தப் பொருளாளர் வேட்பாளரிடம் வாக்கெடுப்புக்கு முன்பே கேளுங்கள்: "எந்தச் சண்டை வந்தாலும் சம்பளக் காசோலையையும் வைப்புநிதியையும் மின்கட்டணத்தையும் நிறுத்த மாட்டேன், மறுப்பு இருந்தால் எழுத்தில் பதிவு செய்வேன்" என்று உறுப்பினர்கள் முன்னால் சொல்லத் தயாரா? சொன்னால் வாக்களியுங்கள். தயங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தப் பதவிக்கு இப்போது உகந்தவர் அல்லர்.

மாமாவிடம் இதைத் தேர்தலுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. "கட்சிக்கு என் ஓட்டு எப்போதும் போலத்தான் மாமா, கல்லூரிக்கு மட்டும் ஆளைப் பார்த்துப் போடுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று விவரம் தர வேண்டியதில்லை; வாக்குச்சீட்டு ரகசியமானது.

தேர்தல் நாளையும் கவனியுங்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கத்து உறுப்பினர்கள் பலர் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்கள். கடலுக்குப் போகும் நாளில் பொதுக்குழுவை வைத்தால் அவர்கள் வர முடியாது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் உறுப்பினர்கள் சார்பில் மற்றவர் வாக்களிக்கலாமா என்பதையும் துணைவிதியே சொல்ல வேண்டும். துணைவிதியில் அதற்கு இடமில்லாதபோது ஒரு கட்டு அதிகாரக் கடிதத்தோடு யாராவது வந்து நின்றால், தேர்தல் அலுவலரிடம் அப்போதே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

முடிவு அறிவித்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. புதிய குழுவின் விவரம் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். தோற்ற அணியும் தனியாக ஒரு படிவத்தைத் தாக்கல் செய்தால், பதிவாளரால் யார் வென்றார் என்பதை இறுதியாகத் தீர்த்துவைக்க முடியாது. விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போகும், அதுவரை வங்கி கணக்கை முடக்கி வைக்கும் வாய்ப்பும் உண்டு. ஆகவே வாக்கு எண்ணிக்கைத் தாளில் இரு அணி முகவர்களும் கையெழுத்திட்டார்களா என்று பார்த்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வாருங்கள். ஒரு மாதம் கழித்துப் படிவத்தின் நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.