வீட்டில் ரெண்டு ரவுட்டர், ஆப் மட்டும் சேரமாட்டேங்குது: கேள்வி பதில்

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. ரவுட்டரை செட்டப் செய்யும் ஆப், "ரவுட்டரைக் காணவில்லை" என்று சொன்னதும் ரீசெட் பட்டனைக் குத்த ஊசி தேடாதீர்கள். உங்கள் போன் இந்த நிமிஷம் எந்த ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் கேட்வே அல்லது ரவுட்டர் என்று ஒரு எண் இருக்கும். போன் எந்த ரவுட்டரோடு பேசுகிறது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: அண்ணாச்சி, எங்க வீடு வாசலிலிருந்து புறவாசல் வரை நீளமான பழைய வீடு. நெட் கனெக்‌ஷனோட வந்த ஃபைபர் பெட்டி, அதாவது முதல் ரவுட்டர், தார்சாவில் இருக்கு. அடுக்களைப் பக்கம் சிக்னல் எட்டலைன்னு இன்னொரு ரவுட்டர் வாங்கி கேபிள் இழுத்து வச்சோம். ரெண்டிலும் நெட் வருது. தார்சாவில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தா புது ரவுட்டரைக் காணோம்.

தார்சாவில் உட்காரும்போது போன் ஃபைபர் பெட்டியின் வைஃபைக்குப் போய்விடுகிறது, விஷயம் அவ்வளவுதான். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் புது ரவுட்டரின் வான் போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வாங்கும் துளையில், செருகியிருப்பீர்கள். அப்போது அது தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க் போட்டுக்கொள்ளும், இதைத்தான் டபுள் நாட் என்பார்கள். அடுக்களைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே இருக்கிறவர் திறந்துகொண்டு தார்சாவுக்கு வரலாம், தார்சாவில் இருக்கிறவர் உள்ளே போக முடியாது. அடுக்களைக்குப் போய் புது ரவுட்டரின் வைஃபையில் சேர்ந்து ஆப்பைத் திறங்கள், வந்துவிடும். ரெண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தால் உடனே வேறு வேறாக மாற்றுங்கள், இல்லையென்றால் போன் எதில் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

நிரந்தரமாகச் சரி செய்ய வேண்டுமென்றால் புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் தரும் நிலைக்கு, மாற்றுங்கள். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும், அடுக்களையிலிருந்து பட்டாசலில் இருக்கும் பிரிண்டருக்கும் டிவிக்கும் தடையில்லாமல் போகும். என்னைக் கேட்டால் சாதாரண வீட்டுக்கு இதுதான் சரி.

அம்பாசமுத்திரம்: நீங்க சொன்ன மாதிரி ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன் அண்ணாச்சி. இப்போ அதோட செட்டிங்ஸ் பக்கத்துக்கான பழைய முகவரி 192.168.0.1 திறக்கவே மாட்டேங்குது, ஆப்பிலும் இல்லை. கெட்டுப்போச்சா?

கெடவில்லை தம்பி. இப்போது அதற்கு முகவரி கொடுப்பது ஃபைபர் பெட்டி. அந்தப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் புது ரவுட்டரைத் தேடுங்கள், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் திறக்கும். ஆப்பில் பழைய பதிவை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள். பிள்ளைகளுக்கு நேரம் குறிப்பது போன்ற சில வசதிகள் இந்த மோடில் பல ரவுட்டர்களில் மறைந்துவிடும், அது பழுது இல்லை.

மேலப்பாளையம்: ரெண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 தான் இருக்கு. ஆப் சேராதது அதனாலயா?

அதனால்தான். வான் பக்கமும் (நெட் வரும் பக்கம்) லேன் பக்கமும் (வீட்டுச் சாதனங்கள் இருக்கும் பக்கம்) ஒரே எண் வரிசை என்றால் எதை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்கே குழப்பம். சில ரவுட்டர்கள் தானாகவே எண்ணை மாற்றிக்கொள்ளும், பல மாற்றாது. இரண்டாவதை ஃபைபர் பெட்டியிலிருந்து கழற்றி, தனியாக அதன் வைஃபையில் சேர்ந்து, லேன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றிச் சேமித்துவிட்டு அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: தம்பி, சரியான வைஃபையில்தான் இருக்கேன். என் வீட்டுக்காரர் போனில் ஆப் வேலை செய்யுது, என் ஐபோனில் மட்டும் தேடிக்கிட்டே இருக்கு.

அக்கா, அப்படியென்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் சாதனங்களைத் தேட ஒவ்வொரு ஆப்பும் தனியாக அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க், அங்கே அந்த ஆப்பை ஆன் செய்யுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் லொக்கேஷன் அனுமதியைப் பாருங்கள், செட்டப் முடியும் வரை மொபைல் டேட்டாவையும் அணைத்து வையுங்கள்.

வள்ளியூர்: மகன் துபாயில் இருக்கான். அங்கிருந்து ஆப் வழியா நம்ம வீட்டு ரவுட்டரைப் பார்க்க முடியுமா? வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டர் செட்டிங்ஸில் போர்ட் திறந்து பார்த்தோம், ஒண்ணும் நடக்கலை.

ஃபைபர் பெட்டியின் வான் முகவரியைப் பாருங்கள் ஐயா. 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், நெட் கொடுப்பவரே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர வழியில்லை. ஆனால் ரவுட்டர் நிறுவனத்தின் கணக்கில் உங்கள் ரவுட்டரைப் பதிந்தால் அது தானே உள்ளேயிருந்து வெளியே போய் இணைந்துகொள்ளும். வீட்டில் இருந்தபடியே முதலில் பதிந்துவிடுங்கள், மகன் அதே கணக்கில் நுழைந்தால் போதும். பாஸ்வேர்டு வலுவானதாக இருக்கட்டும்.

பேட்டை: ரீசெட் பண்ணிட்டேன் அண்ணாச்சி, இப்போ நெட்டே இல்லை.

எதை? இரண்டாவதை என்றால் கவலை வேண்டாம், புதிதாக வாங்கியது போல ஆப்பில் சேர்த்துவிடலாம். ஃபைபர் பெட்டி என்றால் அதிலிருந்த நெட் கனெக்‌ஷனுக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போயிருக்கும். இதே தவறை நான் ஒரு சொந்தக்காரர் வீட்டில் செய்து, கனெக்‌ஷன் கொடுத்தவர் வரும் வரை ரெண்டு நாள் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு போயிற்று. கனெக்‌ஷன்காரரைக் கூப்பிடுங்கள், அவர் போட்டுத் தரும்போது அந்த ரெண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.