டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் நின்று ஜெயித்தவரா? மருத்துவத்தை விட்டுவிட்டாரா?

இரண்டுமே இல்லை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1920-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. சபை அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இதைச் 'சட்ட மேலவை' என்று எழுதுவது பரவலான தவறு. 1937 வரை மாகாணத்தில் இருந்தது ஒரே அவைதான்.

அவர் பெயர் நிற்பது தேவதாசி ஒழிப்பில். அதில் சிக்கல் நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகள் மானிய நிலத்தை அனுபவித்துவந்தார்கள். ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். அதனால் வெறும் தடைச்சட்டம் அவர்களைத் தெருவில்தான் நிறுத்தியிருக்கும். முதலில் 1929-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, ஊழியத்தை விட்டாலும் நிலம் கையில் இருக்க வழிசெய்தார். பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் சடங்கையே தடுக்கும் மசோதா அதற்கடுத்துத்தான் வந்தது. மருத்துவர் அல்லவா, நோயின் வேரைப் பார்த்திருக்கிறார்! ஆனால் உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானதும் 1930-இல் பதவி விலகினார். தடைச்சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது.

மருத்துவமும் கூடவே ஓடியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பல ஆண்டு அலைந்து 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கவைத்தார். அப்போது அவருக்கு வயது 68-ஐ நெருங்கியிருந்தது.