நியூரோசர்ஜரி ஆசையும் ஃபைனல் இயரும்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்.

மகள் எம்பிபிஎஸ்ஸில் பார்ட் ஒன் முடித்து ஃபைனல் இயரில் கால் வைத்திருக்கிறாள், நியூரோசர்ஜரிதான் (மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சை) என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை வருடம் ஆகும், பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா, இந்த வருடம் அவள் என்ன செய்ய வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இப்போதைக்கு உங்கள் கையிலும் அவள் கையிலும் இருப்பது அது ஒன்றுதான்.

வருடக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஃபைனல் இயருக்குப் பிறகு ஒரு வருடம் சிஆர்ஆர்ஐ, அதாவது மருத்துவமனையில் கட்டாய இன்டர்ன்ஷிப். அதன் பின் இரண்டு வழிகள். நீட் பிஜி (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) எழுதி எம்எஸ் ஜெனரல் சர்ஜரி மூன்று வருடம், பிறகு நீட் எஸ்எஸ் (அதற்கும் மேலான சிறப்புப் படிப்புக்கான தேர்வு) எழுதி எம்சிஎச் என்ற அந்தச் சிறப்புப் பட்டத்துக்கு நியூரோசர்ஜரியில் மூன்று வருடம் என்பது பலரும் போகும் வழி. மற்றது, எம்பிபிஎஸ் முடித்த கையோடு நேரடியாக ஆறு வருடம். டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அவற்றுக்கான தனி நுழைவுத் தேர்வான ஐஎன்ஐ-சிஇடி மூலமும், டிஆர்என்பி (தேசியத் தேர்வு வாரியத்தின் சிறப்புப் பட்டம்) நடத்த அனுமதி பெற்ற மருத்துவமனைகளில் நீட் பிஜி மூலமும் இதில் சேரலாம். எந்த வழியில் போனாலும் முப்பது வயதைத் தொட்டுத்தான் படிப்பு முடியும். இடையில் தேர்வுக்காக ஒரு வருடம் போனால் அதுவும் சேரும். இதை வீட்டில் எல்லோரும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்பீர்கள். நேரடிப் படிப்பில் ஒரு நுழைவுத் தேர்வு மிச்சம், முதல் நாளிலிருந்தே துறையோடு பழக்கம். ஆனால் பாதியில் மனம் மாறினால் கையில் எம்எஸ் பட்டம் இருக்காது. மூன்றும் மூன்றுமாகப் போனால், ஜெனரல் சர்ஜன் ஆன பிறகும் யோசிக்க இடம் உண்டு. யூராலஜி, பிளாஸ்டிக் சர்ஜரி என்று திரும்பலாம். ஆசை உறுதியாகச் சோதிக்கப்படாத பிள்ளைக்கு நான் இந்த மூன்றும் மூன்றுமான வழியைத்தான் சொல்வேன். சோதித்துப் பார்த்துவிட்டாள், அப்படியும் அசையவில்லை என்றால் நேரடிப் படிப்பைத் தாராளமாக எழுதட்டும். அந்தச் சோதனைக்கான வருடம்தான் இது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஆசை உள்ள பிள்ளைகள் நிறைய அமெரிக்க வீடியோக்களைப் பார்க்கிறார்கள். ஃபைனல் இயரில் சப்-இன்டர்ன்ஷிப் (சேர விரும்பும் துறையில் சில வாரப் பயிற்சி) போ, பெரிய பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கு, ஆய்வுக் கட்டுரைகளைக் குவி என்று அதில் சொல்வார்கள். அந்த ஊர் முறைக்கு அது சரி. அங்கே ஏழு வருட ரெசிடென்சிக்கு (மேற்படிப்புப் பயிற்சி) நேர்காணல் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 முதல் அவர்களுடைய மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் ஒன்னில் மதிப்பெண்ணும் கிடையாது, பாஸா ஃபெயிலா மட்டும்தான். அதனால் கடிதத்துக்கும் கட்டுரைக்கும் அங்கே கனம் கூடிவிட்டது. நம் ஊரில் சீட்டைத் தருவது ரேங்க். கட்டுரை எழுதுவது நல்ல பழக்கம்தான், ஆனால் நீட் பிஜி கவுன்சலிங்கில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். அவள் அமெரிக்கா போகவே முடிவு செய்திருந்தால் அது தனிக் கணக்கு. இரண்டு படகிலும் கால் வைக்க ஃபைனல் இயர் இடம் தராது.

ஆகவே முதல் வேலை, மெடிசின், சர்ஜரி, ஓஜி (மகப்பேறு), பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) எல்லாவற்றிலும் ஒரே முறையில் பாஸ் ஆவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பாடத்தில் போனாலும் துணைத் தேர்வு எழுதி, அடுத்த பேட்சோடு சிஆர்ஆர்ஐ தொடங்கி, நீட் பிஜிக்குக் கேட்கும் இன்டர்ன்ஷிப் முடிவுத் தேதியைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. ஒரு பேப்பருக்காக ஒரு வருடம் போய்விடும். நீட் பிஜியிலும் ஐஎன்ஐ-சிஇடியிலும் 200 கேள்விகள்தான். அதில் பெரும் பங்கு இந்தப் பெரிய பாடங்களிலிருந்துதான் வருகிறது. நீட் பிஜியில் 2024 முதல் 40 கேள்விகள் கொண்ட ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. அந்த வேகத்துக்கு இப்போதிருந்தே பழக வேண்டும். வாரம் ஒரு நாள் நேரம் வைத்து 40 கேள்விகள் போட்டால் இந்த வருடத்துக்குப் போதும். பத்தொன்பது சப்ஜெக்டையும் இப்போதே புரட்ட வேண்டாம். அது சிஆர்ஆர்ஐ காலத்து வேலை.

இனி நியூரோவுக்கு வருவோம். ஃபைனல் இயர் மாணவர்கள் பலர் மெடிசின் பிராக்டிகலில் சிஎன்எஸ் (மூளை, தண்டுவடம்) கேஸ் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொள்வார்கள். உங்கள் மகள் அதைத் தேடிப் போகட்டும். பக்கவாதம் வந்த ஒருவர், இரண்டு காலும் விழுந்துபோன ஒருவர் என்று வார்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். ரிஃப்ளெக்ஸ் ஹாமரும் டியூனிங் ஃபோர்க்கும் எடுத்துப் போய், முழுதாகப் பரிசோதித்து, கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, எந்த மட்டத்தில் என்று முதலில் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் எம்ஆர்ஐ படத்தைப் பார்க்க வேண்டும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அவளுக்குச் சொந்தமாக யோசிக்கத் தோன்றாது. வாரம் ஒரு கேஸ் இப்படிச் செய்தால், வருட முடிவில் பரீட்சைக்கும் ஆயிற்று, இந்தத் துறையின் அடிப்படைக்கும் ஆயிற்று.

அடுத்து எலெக்டிவ், அதாவது மாணவர்கள் தாமே ஒரு துறையைத் தேர்ந்து பழகும் காலம். ஃபைனல் இயர் தொடக்கத்தில் வரும் அந்தச் சில வாரங்களைப் பல பிள்ளைகள் லீவுபோலக் கழித்துவிடுகிறார்கள். அதில் கிளினிக்கல் பகுதியை நியூரோசர்ஜரியில் கேட்டு வாங்கட்டும். ஆபரேஷன் தியேட்டரில் மைக்ரோஸ்கோப் வழியாக மூளையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை நம்பி ஆறு வருடத்தைக் கொடுக்க முடியாது. கேஷுவாலிட்டியில் ஓர் இரவு நிற்கட்டும். ஹெல்மெட் இல்லாமல் விழுந்த ஒரு பையனைக் கொண்டுவருவார்கள். டியூட்டியில் இருக்கும் பிஜி (மேற்படிப்பு மாணவர்) ஜிசிஎஸ், அதாவது நினைவு எந்த அளவு இருக்கிறது என்ற மதிப்பெண், பார்ப்பார். எட்டோ அதற்குக் கீழோ என்றால் முதலில் சுவாசக் குழாய் போடுவார்கள். டார்ச் அடித்தால் ஒரு கண்மணி விரிந்திருக்கும். சிடியில் எலும்பை ஒட்டி லென்ஸ் வடிவில் வெள்ளையாக ரத்தக்கட்டு. அங்கிருந்து ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெளியே அந்தப் பையனின் அம்மாவிடம் யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதையும் அவள் கவனிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் ஃபாலோ-அப் ஓபி. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் கழித்து வருபவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நன்றாக நடந்து வருபவரும் உண்டு. உயிர் பிழைத்தும் மனைவி பெயர் மறந்துபோனவரும் உண்டு. இந்த இரண்டாவது ஆளைப் பார்த்த பிறகும் அவள் அந்தத் துறைக்குள்ளேயே நிற்க விரும்புகிறாளா? எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கிய சென்னை அரசு பொது மருத்துவமனை நியூரோசர்ஜரித் துறையில்தான் டாக்டர் டி.எஸ். கனகா பயிற்சி பெற்றார். 1968-ல் எம்சிஎச் முடித்து, நாட்டின் முதல் பெண் நியூரோசர்ஜன் ஆனார். அவர் போட்ட பாதையில் இன்று பல பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் கவலை கல்யாணம், குழந்தை, இரவு டியூட்டி பற்றியது என்று புரிகிறது. அது நியாயமான கவலை. எலெக்டிவ் நாட்களில் அந்தத் துறையில் உள்ள பெண் பிஜி யாரிடமாவது மகளே நேரில் கேட்கட்டும். என் பதிலைவிட அவர்கள் பதில்தான் உபயோகம்.

கடைசியாக, பணம். எம்சிஎச் சீட்டு உறுதி என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். கவுன்சலிங்கை நடத்துவது எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு), மாநிலத் தேர்வுக்குழு, ஐஎன்ஐ-சிஇடிக்கு எய்ம்ஸ். இடையில் யாருக்கும் இடமில்லை. அரசுக் கல்லூரியில் சேரும்போது சேவை ஒப்பந்தம் எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்த வருடத்து விளக்கக் கையேட்டில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எலெக்டிவுக்குத் துறை கேட்கும் படிவத்தைக் கல்லூரியில் எப்போது தருவார்கள் என்பதை இந்த வாரமே அவளை விசாரிக்கச் சொல்லுங்கள். தன் கல்லூரியில் நியூரோசர்ஜரி யூனிட் இல்லையென்றால், வேறு கல்லூரியில் செய்ய டீன் அனுமதி தருவாரா என்று இப்போதே கேட்டு வைக்கட்டும்.