பெரியவர்களுக்குத் தடுப்பூசி: யார் முதலில் கேட்பது?

கேள்வி: சிறிய கிளினிக் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று மாதாமாதம் வருகிறவர்களே அதிகம். தடுப்பூசி என்றால் 'அது குழந்தைகளுக்குத்தானே?' என்கிறார்கள். இவர்களைப் போட்டுக்கொள்ள வைப்பது எப்படி?

பதில்: அவர்கள் மறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவர்களிடம் இதுவரை யாரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பல வருடம் சர்க்கரை அளவைப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியவன்தான். நிமோனியாவில் படுத்து எழுந்து வந்த ஒரு பெரியவர், "இதற்கு ஊசி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார். அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இந்த வேலையை டாக்டரின் ஞாபகத்துக்கு விட்டால் நடக்காது. அவசர வேலைகளுக்கு நடுவே தடுப்பூசிதான் முதலில் மறந்துபோகும். அதனால் யாருக்கு எந்த ஊசி, யாருக்குக் கூடாது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிலையான உத்தரவு இருந்தால், சட்டம் அனுமதிக்கும் இடங்களில், ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேட்காமல் நீங்களே போடலாம். தடுப்பூசி எண்ணிக்கையை நன்றாக உயர்த்திக் காட்டிய வழிகளில் இது முக்கியமானது. ரத்த அழுத்தம் பார்க்கும்போதே தடுப்பூசி விவரத்தையும் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "போட்டுக்கொள்கிறீர்களா?" என்றால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். "இந்த வருட ஃப்ளூ ஊசி உங்களுக்கு பாக்கி இருக்கிறது, இன்றே போட்டுவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் காரணத்தைக் கேளுங்கள், அடுத்த முறை மறுபடி பேசுங்கள்.

ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசி வருடத்துக்கு ஒன்று. டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு 10 வருடத்துக்கு ஒரு முறை. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு முக்கியக் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், அதற்கு முன்பே சர்க்கரை, நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கும். அக்கிக்கு 50 வயதுக்கு மேல் 2 தவணை. நாட்டுக்கு நாடு வயது வரம்பு கொஞ்சம் மாறும்.

"ஊசி போட்டால் ஃப்ளூ வந்துவிடுமாமே?" என்ற பயத்தை அடிக்கடி கேட்பீர்கள். ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் நோய் வராது. ஓரிரு நாள் கை வலியோ லேசான காய்ச்சலோ இருக்கலாம், அவ்வளவுதான். இதய நோயாளிகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதை 2018இல் வெளியான ஒரு கனடா ஆய்வு காட்டியது. சளிக்காய்ச்சல்தானே என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்த தவணைத் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ஹெபடைட்டிஸ் பி, அக்கி ஊசிகளில் தவணை தள்ளிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.