எந்த நொதி, எந்த இடத்தில்? நரம்பு வேதியியல் கேள்வி பதில்

நான் மருந்தியல் பாடம் எடுப்பவன். நொதி (என்சைம்), ஹார்மோன், நரம்புக்கடத்தி (செரட்டோனின், டோபமின் மாதிரி நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்) பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாத்திரையைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது.

சார், லேப் விளம்பரத்தில் செரட்டோனின் டெஸ்ட் என்று பார்த்தேன். மனச்சோர்வு இருக்கிறதா என்று அதில் தெரியுமா? (ஐடி ஊழியர், சென்னை)

தெரியாது. உங்கள் காசு மிச்சம்.

உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பங்கு, கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்கு மேல், குடலில் உருவாகிறது. அதை ரத்தத் தட்டணுக்கள் வாரி வைத்துக்கொள்கின்றன. லேபில் அளப்பது அதைத்தான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைச் செரட்டோனின் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அந்த வேலையைத் தொடங்கி வைக்கும் டிரிப்டோபேன் ஹைட்ராக்சிலேஸ் நொதியே குடலில் ஒரு வகை, மூளையில் இன்னொரு வகை. மூளை வகை தனியாக இருக்கிறது என்பது 2003-இல்தான் தெரியவந்தது. எனவே குடல் கணக்கை வைத்து மூளைக் கணக்கைச் சொல்ல வழியில்லை.

அந்த டெஸ்ட் வீண் என்றும் சொல்லவில்லை. குடலில் வரும் கார்சினாய்டு கட்டியைச் சந்தேகிக்கும்போது செரட்டோனினையும், அது உடைந்து 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் கழிவையும் அளப்பார்கள். மனநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே, சாப்பிட்டால் மனசு தெளியுமா? (இல்லத்தரசி, தேனி)

இருக்கிறது, ஆனால் மூளைக்குள் போகாது. மேலே சொன்ன சிறுநீர் டெஸ்டுக்கு முன்னால் மட்டும் வாழைப்பழம், அன்னாசி, வால்நட் வேண்டாம் என்பார்கள், முடிவைக் குழப்பிவிடும். மற்றபடி பசித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

டோபமின் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது என்றால், டைரோசின் பவுடர் வாங்கிச் சாப்பிட்டால் டோபமின் கூட வேண்டும்தானே அண்ணா? (கல்லூரி மாணவர், கோவை)

இல்லை தம்பி. வரிசையைப் பாருங்கள். டைரோசினை எல்-டோபாவாக மாற்றுவது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ். எல்-டோபாவை டோபமினாக மாற்றுவது ஒரு டிகார்பாக்சிலேஸ். அதற்கு வைட்டமின் பி6 வேண்டும். சில நரம்புகளில் அடுத்த படியும் உண்டு: டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ், வைட்டமின் சி-யையும் தாமிரத்தையும் வைத்துக்கொண்டு டோபமினை நார்அட்ரினலினாக்கும்.

இதில் மெதுவான படி முதல் படி. குடோனில் எத்தனை மூட்டை அரிசி இருந்தாலும் ரேஷன் கடையில் தராசு ஒன்றுதான் என்றால் வரிசை எந்த வேகத்தில் நகருமோ, அந்த வேகம்தான். சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு அந்த நொதிக்குத் தேவையான டைரோசின் ஏற்கனவே ஏறக்குறைய நிறைவாகவே கிடைக்கிறது. போதாததற்கு, சேர்ந்துபோன டோபமினே வந்து அந்த நொதியை அடக்கி வைக்கும். நரம்பு வேகமாகச் செய்தி அனுப்பும்போது நொதியின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும், அப்போது அந்தப் பிடி தளரும். அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் மரபணு மட்டத்திலேயே இந்த நொதியின் உற்பத்தி கூடும். பவுடர் டப்பாவில் இதெல்லாம் எழுதியிருக்காது.

போனை ஒதுக்கி வைத்து டோபமின் டீடாக்ஸ் செய்யச் சொல்கிறார்களே, அதில் டோபமின் கழியுமா?

போனைக் கீழே வைப்பது நல்ல பழக்கம். டோபமினுக்கும் கழிவு நீக்கத்துக்கும் தொடர்பில்லை. அதை உடைக்க மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி ராப்பகலாக வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பயத்துக்கு அட்ரினலின், மன அழுத்தத்துக்குக் கார்டிசால் என்று தனித்தனியாகப் படித்தோம். இரண்டுக்கும் நடுவே ஏதாவது தொடர்பு உண்டா சார்? (நர்சிங் மாணவி, மதுரை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தொடர்பு ஒரு நொதியில் இருக்கிறது.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டெக்ஸ், உள்பகுதி மெடுல்லா. கார்டிசால் வெளியே உருவாகிறது, அட்ரினலின் உள்ளே. கரு வளரும்போது இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்து சேர்பவை. மெடுல்லா நரம்புத் திசுவின் வழி வந்தது. அப்படியானால் ஏன் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும்? ரத்தம் ஓடும் திசையைப் பார்த்தால் விடை கிடைக்கும். கார்டெக்ஸை நனைத்த ரத்தம் வெளியேறும் முன் மெடுல்லா வழியாகப் போகிறது. மற்ற உறுப்புகளுக்குக் கார்டிசால் உடல் முழுவதும் கலந்து நீர்த்த பிறகு கிடைக்கும். மெடுல்லாவுக்குச் சுடச்சுட, பல மடங்கு அடர்த்தியாகக் கிடைக்கிறது.

அங்கேதான் நார்அட்ரினலினில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி அட்ரினலினாக்கும் நொதி இருக்கிறது. சுருக்கமாகப் பி.என்.எம்.டி. என்பார்கள். அதன் மரபணு நன்றாக வேலை செய்யக் கார்டிசால் அந்த அடர்த்தியில் வேண்டும். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ரிச்சர்ட் வுர்ட்மனும், பின்னால் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜூலியஸ் ஆக்செல்ராடும் இதைக் காட்டினார்கள். கார்டெக்ஸைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எலிகளில் அகற்றினால் கார்டெக்ஸ் சுருங்கிவிடும். கூடவே மெடுல்லாவில் இந்த நொதியும் குறைந்தது. அந்த ஹார்மோனைக் கொடுத்ததும் நொதி திரும்பி வந்தது. கார்டிசால் போல வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்தாலும் வந்தது.

சுறாமீன்களில் இந்த இரண்டு திசுக்களும் ஒட்டாமல் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றில் அட்ரினலினைவிட நார்அட்ரினலின்தான் அதிகம். மனிதரிலும் சாட்சி உண்டு: பிறவியிலேயே கார்டிசால் செய்ய முடியாத குழந்தைகளுக்கு அட்ரினலினும் குறைவாகவே இருக்கும். அதனால்தான் காய்ச்சல் வந்து பட்டினி கிடந்தால் அவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. வார்டில் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் இரண்டு ஹார்மோன்களும் கைவிட்டிருக்கின்றன என்று நினைவில் வையுங்கள்.

அப்பாவுக்கு டிபி மாத்திரையோடு ஒரு பி6 மாத்திரையும் கொடுக்கிறார்கள். சத்து மாத்திரைதானே, விட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

விட வேண்டாம். பெயர் சத்து மாத்திரை என்றாலும் அது அங்கே காவலுக்கு இருக்கிறது.

டிபி மருந்துகளில் ஐசோனியாசிட் என்று ஒன்று உண்டு. அது பி6-ஐப் பிடித்துக் கட்டிவிடும். மிச்சமிருப்பதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதையும் தடுக்கும். பி6 இல்லாவிட்டால் முடங்கும் நொதிகளில் ஒன்று குளுட்டாமேட் டிகார்பாக்சிலேஸ். மூளையைத் தூண்டும் குளுட்டாமேட்டிலிருந்து மூளையை அடக்கும் காபாவைச் செய்வது அதுதான். வழக்கமான அளவில் அப்பாவுக்கு வரக்கூடியது பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. சர்க்கரை நோயாளிக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் சத்துக் குறைந்தவருக்கும் இது சீக்கிரம் வரும். யாராவது கை நிறைய மாத்திரையை விழுங்கிவிட்டால் நிலைமை வேறு. காபா வற்றிப்போய் வலிப்பு மேல் வலிப்பு வரும். வழக்கமான வலிப்பு ஊசிகள் காபா இருந்தால்தான் வேலை செய்யும், அதனால் அவை மட்டும் போதாது. விழுங்கிய ஐசோனியாசிட் எத்தனை கிராமோ அத்தனை கிராம் பி6-ஐ ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஐசோனியாசிட்டின் உறவுக்கார மருந்து இப்ரோனியாசிட். 1952 வாக்கில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் டிபி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, நோயாளிகள் எதிர்பாராத உற்சாகத்தோடு நடமாட ஆரம்பித்தார்கள். அது மோனோ அமீன் ஆக்சிடேஸைத் தடுப்பதும் அதே ஆண்டில்தான் தெரிந்தது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று இப்படிப் பிறந்தது. பிறகு வந்தது வினை: இந்த நொதி குடலிலும் ஈரலிலும் இருந்து, பழைய சீஸில் உள்ள டைரமினை உடைத்துவிடுகிறது. நொதியைத் தடுத்தால் டைரமின் உள்ளே புகுந்து, நரம்பு முனைகளில் இருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளி, ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும்.

உங்கள் வீட்டுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மீன் விஷயம். ஐசோனியாசிட், அலர்ஜி மாதிரித் தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடைக்கும் நொதியையும் தடுக்கும். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு என்று அப்பா சொன்னால் டாக்டரிடம் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை சூரை வாங்காமல் இருப்பதே நல்லது.

பாட்டிக்குப் பார்கின்சன். பூனைக்காலி விதைப்பொடி கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் நிஜமாகவே மருந்து இருக்கிறதா? (தஞ்சாவூர்)

இருக்கிறது. பூனைக்காலி விதையில் இருப்பது, மேலே சொன்ன, டோபமினாக மாறும் அதே எல்-டோபா. பார்கின்சன் மாத்திரையில் லெவோடோபா என்ற பெயரில் இருப்பதும் அதுதான். அதனால்தான் பயப்பட வேண்டும். விதைக்கு விதை அளவு மாறும், பாட்டி ஏற்கனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

மாத்திரை அட்டையில் லெவோடோபா 100, கார்பிடோபா 25 என்று போட்டிருக்கும். அந்த 25 எதற்கு? லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் குடலிலும் ரத்தத்திலும் உள்ள டிகார்பாக்சிலேஸ் வழியிலேயே அதை டோபமினாக்கிவிடும். டோபமின் மூளைக்குள் போகாது, வாந்தியும் தலைச்சுற்றலும்தான் மிச்சம். கார்பிடோபா அந்த நொதியை வெளியே மட்டும் தடுக்கிறது, தான் மூளைக்குள் நுழைவதில்லை. உள்ளே போன லெவோடோபா அங்கே இருக்கும் நொதியால் டோபமினாகிறது. பூனைக்காலிப் பொடியில் இந்த ஏற்பாடு கிடையாது.

இன்னொன்று. லெவோடோபாவும் புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்களும் ஒரே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் நுழைகின்றன. கறியும் முட்டையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் சில பேருக்குச் சரியாகப் பிடிக்காது. பாட்டிக்கு மதியம் மட்டும் கை கால் விறைக்கிறது என்றால், சாப்பாட்டு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் ஒரு வாரம் குறித்துக்கொண்டு போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு தங்கை காரணமே இல்லாமல் அழுகிறாள். ஹார்மோன் என்கிறார்கள். எந்த ஹார்மோன், எப்படி? (யாழ்ப்பாணம்)

கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் மிக அதிகமாக இருக்கும். மூளையிலும் மற்ற இடங்களிலும் இரண்டு நொதிகள் அதை அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. காபா வந்து ஒட்டும் ஏற்பியில் இதுவும் ஒட்டி, காபாவின் அடக்கும் வேலையைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாள்களுக்குள் இரண்டுமே சரிந்துவிடும். எல்லாப் பெண்களுக்கும் சரிகிறது, சிலருக்கு மட்டும் மூளை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளத் தடுமாறுகிறது. இது வெறும் கருத்தாக நிற்கவில்லை: அலோபிரெக்னனலோனையே 60 மணி நேரம் ரத்தக்குழாயில் ஏற்றும் சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதே வழியில் வேலை செய்யும் மாத்திரைக்கு 2023-இல்.

முதல் சில நாள் அழுகை பலருக்கும் வந்து தானே போகும். இரண்டு வாரம் தாண்டினால், தூக்கமே இல்லாவிட்டால், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றோ சாகலாம் போலிருக்கிறது என்றோ சொன்னால், அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். "பிள்ளை பெத்தவள் அழலாமா" என்று யாரும் அவளைக் கடிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு கூடினால் கை நடுங்குகிறதே, அட்ரினலின் கூடிவிட்டதா?

அளந்து பார்த்தால் பெரும்பாலும் கூடியிருக்காது. அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா ஏற்பிகள் இதயத்திலும் மற்ற இடங்களிலும் கூடியிருக்கும். அதே அட்ரினலினுக்குப் பதில் பெரிதாக வருகிறது. அதனால்தான் அந்த ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் சீக்கிரம் அடக்குகிறது.

வயலில் மருந்தடித்துவிட்டு மயங்கிய அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். கோலினெஸ்டிரேஸ் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடி எப்போது மருந்தடிக்கலாம்? (விவசாயக் குடும்பம், பெரம்பலூர்)

நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தி அசிட்டைல்கோலின். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ், உடம்பின் மிக வேகமான நொதிகளில் ஒன்று. ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியில் ஒட்டிக்கொள்கிறது. உடையாத அசிட்டைல்கோலின் தேங்கிப்போய் எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். நேரம் போகப் போக அந்த ஒட்டு இறுகி, எந்த மருந்தாலும் பிரிக்க முடியாததாகிவிடும். உடம்பு புது நொதி செய்தால்தான் உண்டு.

அண்ணனின் ரிப்போர்ட்டில் எந்த அளவு என்று பாருங்கள். பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவு என்றால் அது ஈரல் செய்வது. சில வாரங்களில் ஏறிவிடும். சிவப்பணு அளவு என்றால் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாக நொதி செய்யத் தெரியாது. பழைய அணுக்கள் போய்ப் புது அணுக்கள் வந்தால்தான் கணக்கு நேராகும். ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிளாஸ்மா அளவு ஏறிவிட்டதே என்று இந்தப் பட்டத்திலேயே டேங்கைத் தோளில் மாட்டினால், பாதி நொதியோடு அடுத்த டோஸை வாங்குகிறார் என்று அர்த்தம். சிவப்பணு அளவு திரும்பி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேறு யாராவது அடிக்கட்டும். அவரும் கையுறை, முகமூடியோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்கட்டும்.