கேம் குழுவில் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச விடலாமா?

கேள்வி: அமெரிக்கர்கள் அதிகம் இருக்கும் ஒரு ஆன்லைன் கேம் குழுவில் நானும் ஒரு நிர்வாகி. எங்காவது துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலே எங்கள் டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் சண்டை மூண்டுவிடுகிறது. அரசியலே பேசக் கூடாது என்று தடை போட்டுவிடலாமா?

தடை போடாதீர்கள். எப்போது, எங்கே, எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும் விதி வையுங்கள். நானும் இப்படி ஒரு குழுவின் சர்வரைப் பல வருடங்களாகக் கவனித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கர்கள், கொஞ்சம் கனடாக்காரர்கள், கோயம்புத்தூரிலிருந்து நான். அவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு ரெய்டு (குழுவாகச் சேர்ந்து ஆடும் பெரிய ஆட்டம்) என்றால் எனக்குக் காலை ஆறரை. இந்த ஒரு விஷயத்தால் குழுவை விட்டுப் போனவர்களும் உண்டு, இதைப் பேசிப் பேசியே நெருக்கமானவர்களும் உண்டு.

"கேம் ஆட வந்த இடத்தில் அரசியல் எதற்கு?" என்று தடை கேட்பவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த விஷயம் கேமுக்கு வெளியே இல்லை. 2018 ஆகஸ்ட் 26 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 'மேடன் என்எஃப்எல் 19' என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் போட்டியின் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அங்கேயே ஒருவர் துப்பாக்கியால் சுட்டு இரண்டு ஆட்டக்காரர்களைக் கொன்றார், பலர் காயமடைந்தார்கள், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். சுட்டவரும் போட்டிக்கு வந்த ஆட்டக்காரர்தான். துப்பாக்கிகளைச் சட்டப்படியே வாங்கியிருந்தார். போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருந்ததால் வெடிச்சத்தம் பார்வையாளர்களின் ஹெட்செட்டில் கேட்டது. மீதமிருந்த தகுதிச் சுற்றுகளை அந்தக் கேமை வெளியிடும் இஏ நிறுவனம் ரத்து செய்தது. அன்று அந்த நேரலையைப் பார்த்தவர்களிடம் போய் இது கேமுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாம் பேசாவிட்டாலும் அரசியல்வாதிகள் நம்மை இழுத்துவிடுகிறார்கள். 1999-இல் கொலம்பைன் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு 'டூம்' கேம் மேல் பழி விழுந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில் துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வெய்ன் லாபியர் மைக் முன் வந்து, வீடியோ கேம்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 2019 ஆகஸ்டில் எல் பாசோ, டேட்டன் கொலைகளுக்குப் பிறகு அதிபர் டிரம்பும் அதையே சொன்னார். வால்மார்ட் நிறுவனம் தன் கடைகளில் வன்முறை கேம் விளம்பரங்களை எடுக்கச் சொன்னது. அங்கே துப்பாக்கி விற்பனை அப்போது தொடர்ந்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் கேம் ஆடுபவர்கள் ஏராளம், துப்பாக்கிச் சாவும் மிகக் குறைவு. இந்தப் பதிலை எங்கள் குழுவில் துப்பாக்கி வைத்திருப்பவர், வைத்திருக்காதவர் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். இரு தரப்பும் சேர்ந்து நிற்கும் இடம் இது, இதை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தனிமனிதர் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை என்று 2008-இல் 'ஹெல்லர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா. வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை 2011-இல் செல்லாது என்றாக்கி, கேமும் புத்தகம் போலக் கருத்துரிமைக்குள் வரும் என்று எழுதியவரும் அதே ஸ்கேலியாதான். நம் பொழுதுபோக்கைக் காத்த பேனாவும் துப்பாக்கி உரிமையை உறுதி செய்த பேனாவும் ஒன்று. இதைச் சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கிறார்.

இனி பேச்சு எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம்தான் மோசம். உயிரிழந்தவர் எத்தனை பேர் என்றே தெரியாதபோது இருவர் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த வசனங்களை வீசத் தொடங்குவார்கள். கேமில் மற்றவர்களின் காயத்தை ஆற்றும் எங்கள் ஹீலர் ஒஹாயோவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆறு வயதுக் குழந்தைகளை விளக்கணைத்து, ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் சத்தமில்லாமல் உட்கார வைக்கும் பயிற்சியை அவர் நடத்த வேண்டும். முன்னால் நின்று அடியைத் தாங்கும் எங்கள் டேங்க் மொன்டானாவில் மாடு வளர்ப்பவர். போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர ரொம்ப நேரமாகும் என்ற தூரத்தில் வீடு. வருடா வருடம் மான் வேட்டையாடி அந்த இறைச்சியைத்தான் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அவருக்குத் துப்பாக்கி, மண்வெட்டி கடப்பாரை போல வீட்டுச் சாமான். இருவருக்கும் இது படித்துத் தெரிந்துகொண்ட அரசியல் இல்லை. அதனால்தான் "இங்கே அரசியல் வேண்டாம்" என்றதும் இருவருமே, தன் வாழ்க்கையைப் பேச வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

விவாதம் சீக்கிரமே முறிவதற்குக் கேமே ஒரு காரணம். கேமில் எம்416 துப்பாக்கியை, விசையை அழுத்தியிருக்கும்வரை சுடும் முழு ஆட்டோவில் வைத்துத் தினமும் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கி பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. "அமெரிக்காவில் பதினெட்டு வயசுப் பையன் கடைக்குப் போய் மெஷின் கன் வாங்கலாம்" என்று ஒருவர் எழுதுவார். அவ்வளவுதான், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதையும் காதில் வாங்க மாட்டார்கள். கடையில் விற்கும் ஏஆர்-15 ரைஃபிள் விசையின் ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான் சுடும். 1986 சட்டத்துக்குப் பிறகு தயாரான மெஷின் கன்களைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. அதற்கு முன் பதிவானவற்றுக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

மறுபக்கமும் இதே கதைதான். "ஏற்கெனவே எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை இருக்கிறது" என்பார்கள். இல்லை. உரிமம் பெற்ற கடைக்காரர்தான் 1998 முதல், வாங்குபவருக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று அந்தத் தேசியச் சோதனை முறையில் பார்த்தாக வேண்டும். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டம் அதைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன.

அதனால் நான் எப்போதும் "எந்தச் சட்டம்?" என்று கேட்பேன். 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' என்று பொதுவாகப் பேசினால் இரண்டு முகாம்தான் மிஞ்சும். குறிப்பான சட்டத்தை எடுத்தால் ஆட்கள் இடம் மாறுகிறார்கள். பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு 2018 மார்ச்சில் ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கி, ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டத்தையும் கொண்டுவந்தது, பொதுவாகத் துப்பாக்கி உரிமையின் பக்கம் நிற்கும் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ரிக் ஸ்காட். 2017 லாஸ் வேகஸ் கொலைகளில் பயன்பட்ட, ரைஃபிளை மெஷின் கன் போல வேகமாகச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' கருவியைத் தடை செய்தது அதே கட்சியின் டிரம்ப் அரசு; அந்தத் தடை செல்லாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் எந்தப் பக்கம் என்பது வெளியிலிருந்து பார்க்கும் அளவுக்குச் சுலபமில்லை.

நம் ஊர் ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "எங்கள் நாட்டில் இதெல்லாம் கிடையாது" என்று பெருமையோடு குதிக்காதீர்கள், அது அவர்களுக்கு உதவாது. நம் நாட்டில் நடப்பதை விவரமாகச் சொன்னால் உதவும். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்குவது எவ்வளவு கஷ்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் ஒருநாள் குரல் சேனலில் சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வங்கிக் காவலர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு என்றேன். மொன்டானாக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஓட்டுப் போடுகிற நேரம் பார்த்து அரசாங்கம் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறதா? எங்கள் ஆட்கள் கேட்டால் நடுங்கிப் போவார்கள்" என்றார்.

"எங்களுக்கு அந்த நேரத்தில் அரசாங்கத்தைப் பற்றிய பயம் இல்லை. வாக்குச்சாவடியை மிரட்டக்கூடிய உள்ளூர்ப் பெரும்புள்ளியைப் பற்றித்தான் பயம்" என்றேன்.

"எனக்கு என் வகுப்புக் கதவைப் பற்றிப் பயம்" என்றார் ஆசிரியை.

இந்த விவாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய தெளிவு இதுதான்: ஒவ்வொருவரும் யாரை நினைத்துப் பயப்படுகிறார் என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். அரசு ஒருநாள் கொடுங்கோலாகலாம் என்று பயப்படுகிறவரிடம் புள்ளிவிவரம் காட்டிப் பயனில்லை. 1791-இல் அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை பற்றிய இரண்டாவது திருத்தம் வந்ததற்குப் பின்னால் நிரந்தரப் படையின் மேல் இருந்த அவநம்பிக்கையும் உண்டு. அந்தப் பயத்துக்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயது. பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பயப்படுகிறவரிடம் அரசியலமைப்பை வாசித்துக் காட்டியும் பயனில்லை. பயம் வெளியே வந்த பிறகுதான் சட்டம் பற்றிய பேச்சு உருப்படியாக ஓடுகிறது.

எங்கள் குழுவில் உண்மையிலேயே நகர்வு ஏற்பட்டது பெரிய கொலைச் செய்திகளை வைத்து அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் பாதிக்கு மேல், 54 சதவீதம், தற்கொலை. தலைப்புச் செய்தியாகும் கூட்டக் கொலைகள் மொத்தத்தில் சிறு பங்கு. இதைப் பகிர்ந்த அன்று வழக்கமாகச் சண்டை போடுகிறவர்கள் யாரும் வசனம் பேசவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதினார்: விவாகரத்து ஆன ஒரு நண்பரின் துப்பாக்கிகளைச் சில மாதங்கள் தன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தாராம். "சாவி என்கிட்ட இருக்கட்டும், நீ நல்லா ஆனதும் வாங்கிக்கோ" என்று சொன்னதோடு சரி. நெருக்கடியான நேரத்தில் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் நடுவே தூரம் வைத்தால் உயிர் பிழைக்கிறது. அந்த நேரத்தைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

அங்கிருந்து பேச்சு நேராகச் சட்டத்துக்குப் போனது. எல்லாக் கைமாற்றத்துக்கும் சோதனை கேட்கும் மாநிலங்களில் நண்பரிடம் கொடுத்து வைப்பதே சிக்கலாகலாம். தற்கொலைத் தடுப்புக்கு விலக்கு தந்த மாநிலங்களும் இருக்கின்றன. ரெட் ஃபிளாக் சட்டத்தை மொன்டானாக்காரர் அதுவரை அடியோடு எதிர்த்தவர். துப்பாக்கி வைத்திருப்பவரைக் கேட்காமலே முதல் உத்தரவு போடலாம் என்பதுதான் அவருடைய ஆட்சேபம், அது நியாயமான ஆட்சேபமும்கூட. முழு விசாரணை சில நாட்களுக்குள் நடக்க வேண்டும், பொய்ப் புகாருக்குத் தண்டனை வேண்டும், அப்படியென்றால் ஏற்கலாம் என்றார். ஆசிரியை அந்த இரண்டையும் ஒத்துக்கொண்டார். ஏஆர்-15 தடையில் இருவரும் இன்றுவரை எதிரெதிர்தான். இருக்கட்டும்.

நாங்கள் வைத்திருக்கும் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். அரசியலுக்குத் தனிச் சேனல். வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் அது தெரியும். ரெய்டு நேரத்தில் குரல் சேனலில் இந்தப் பேச்சு கிடையாது, பாஸ் எனும் பெரிய எதிரி விழும்வரை எல்லோரும் ஹீலரை நம்பித்தான் நிற்கிறோம். புதிய சம்பவம் நடந்தால் முதல் நாள் அந்தச் சேனல் பூட்டியிருக்கும். அந்த ஊரில் நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா, நலமா என்று விசாரிக்க மட்டும் பொதுச் சேனல். மீம் படம் விவாதமாகாது. "உங்களைப் போன்றவர்கள்" என்று தொடங்கும் செய்தி அழிக்கப்படும். கட்சிச் சாயல் எதுவானாலும் ஒரே அளவுகோல்; இதில் நிர்வாகிகள் ஒருமுறை சறுக்கினாலும் சேனலின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். எனவே இரு தரப்பிலிருந்தும் தலா ஒருவரைப் பேச்சைக் கண்காணிக்கும் மாடரேட்டராகப் போடுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றி யாராவது எழுதினால் விவாதம் உடனே நிற்க வேண்டும், ஒருவர் அவரோடு தனியாகப் பேச வேண்டும். அமெரிக்காவுக்கு 988, நம் நாட்டுக்கு டெலி மானஸ் 14416, இந்த இரண்டு உதவி எண்களையும் அந்தச் சேனலின் மேலே பின் செய்து வையுங்கள். யாராவது பிறரைச் சுடப்போவதாக எழுதினால் அதை வாய்ச்சவடால் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிஸ்கார்டுக்குப் புகார் அனுப்புங்கள். அவர் எந்த ஊர் என்று தெரிந்தால் அந்த ஊர்க் காவல்துறைக்குச் சொல்லச் சொல்லி அங்கே இருக்கும் உறுப்பினர் ஒருவரிடம் அன்றே பொறுப்பை ஒப்படையுங்கள்.