சீன மருத்துவம் பார்ப்பது நோயையா, கோலத்தையா?

‘சீன மருத்துவர்கள் நோயைக் கண்டறிவதே இல்லை, உடலின் கோலத்தை மட்டுமே பார்த்து மருந்து தருகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?’ என்பது கேள்வி. பாதி உண்மை என்பேன். நான் சிங்கப்பூரில் மருந்தாளராக இருப்பவன். சீன மருத்துவம் முறையாகப் பயின்றவன் அல்லன். ஆனால் பல ஆண்டுகளாக விடியற்காலைத் தும்மலோடும் மூக்கொழுகலோடும் வாழ்ந்துவந்த காரணத்தால் ஒரு சீன மருத்துவரிடம் சென்றிருக்கிறேன். அவர் எனக்காக எழுதிய அட்டையில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி ‘பி சியூ’, அதாவது மூக்கொழுகும் நோயின் பெயர். அதன் கீழே, நுரையீரலிலும் மண்ணீரலிலும் ‘சீ’ என்னும் உயிர்விசை குறைந்திருக்கிறது என்ற வரி. முதலாவது நோய், சீனத்தில் ‘பிங்’. இரண்டாவது ‘ஜெங்’, தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லாததால் கோலம் என்றே எழுதுகிறேன். சீன மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பேடுகளிலும் இவ்விரண்டையும் எழுதுவதே முறை.

நோய் என்பது தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றோடு கூடிய முழுக்கதை. கோலம் என்பது அந்தக் கதையில் இன்றைய தினம் உடல் நிற்கும் நிலை. நாடி, நாக்கின் நிறமும் அதன்மேல் படிந்த பூச்சும், வியர்வை, தாகம், மலம், உறக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு. ‘ஜெங்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் சான்று என்பதாகும். சளிக்காய்ச்சலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இருவருக்குக் காய்ச்சல், குளிர், தலைவலி, லேசாகத் தொட்டாலே தட்டுப்படும் மேலெழுந்த நாடி ஆகியவை ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு வியர்க்கவில்லை, உடல் வலிக்கிறது, நாடி முறுக்கிய கயிறுபோல் இறுகியிருக்கிறது. மற்றவருக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் கூசுகிறது, நாடி தளர்ந்திருக்கிறது. முன்னவருக்கு எபெட்ராச் செடி முதன்மையாகச் சேரும் ‘மாஹுவாங் தாங்’ என்ற கஷாயம். பின்னவருக்கு இலவங்கப்பட்டை இனத்தின் இளங்கிளை சேரும் ‘குய்ஜி தாங்’. எபெட்ராவில் இதயத்துடிப்பை விரைவுபடுத்தும் எபெட்ரின் இருக்கிறது என்பதை அறிந்த மருந்தாளனுக்கு, ஏற்கெனவே வியர்த்துச் சோர்ந்தவருக்கு அதைக் கொடுக்காதே என்ற பழைய எச்சரிக்கை வியப்பளிப்பதில்லை.

இந்த வேறுபாட்டை வகுத்துத் தந்தவர் ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங். குளிரால் வரும் காய்ச்சல்களைப் பற்றிய அவருடைய ‘ஷாங்ஹான் லுன்’ நூலின் இயல்தலைப்புகளோ ‘தாய்யாங் நோயின் நாடியையும் ஜெங்கையும் பிரித்தறிந்து மருத்துவம் செய்தல்’ என்னும் பாணியில் நோயின் பெயரோடுதான் தொடங்குகின்றன (தாய்யாங் என்பது காய்ச்சலின் ஆறு நிலைகளில் முதலாவது). 610-இல் சாவோ யுவான்ஃபாங் தலைமையில் தொகுக்கப்பட்ட பெருநூலும் நோய்களையும் அவற்றின் காரணங்களையும் வகைப்படுத்துவதே. அப்படியானால் ‘கோலமே எங்கள் தனித்தன்மை’ என்ற முழக்கம் எங்கிருந்து வந்தது? அது அவ்வளவு பழையதன்று. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் அரசு சீன மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தபோது, மேலை மருத்துவத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் தங்கள் மருத்துவத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று பாடநூல் எழுதியோர் விடைசொல்ல வேண்டியிருந்தது. ‘அவர்கள் நோயைப் பிரித்தறிகிறார்கள், நாம் கோலத்தைப் பிரித்தறிகிறோம்’ என்பது வசதியான விடையாக அமைந்தது. கோலம் பார்ப்பது பழையது. அதை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வது புதியது.

சீன மருத்துவத்திலிருந்து உலகம் பெற்ற மிகப் பெரிய கொடையும் நோய்ப்பெயர் வழியாக வந்ததே. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு பிடி ‘சிங்ஹாவ்’ பச்சிலையை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கும்படி சொல்லப்பட்டுள்ளது. நாடி எப்படி, நாக்கு எப்படி என்ற கேள்வியே அங்கில்லை. காய்ச்சாமல் பிழிவது ஏன் என்று யோசித்த சீன மருந்தியல் ஆய்வாளர் தூ யூயூ, தாழ்ந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தெடுத்ததால்தான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நோய்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஜப்பானைக் காட்டுவார்கள். சீனத்திலிருந்து அங்கே சென்று வேரூன்றிய ‘கான்போ’ மருத்துவத்திலும் கோலம் உண்டு. அதே எழுத்தை அவர்கள் ‘ஷோ’ என்று படிக்கிறார்கள். இருந்தும் ‘ஷோசைகோதோ’ என்ற கலவை, நாட்பட்ட கல்லீரல் அழற்சி என்ற பெயரைக் கண்டாலே எழுதித் தரப்படும் மருந்தாகிவிட்டது. நுரையீரல் அழற்சி தோன்றியதால், கல்லீரல் அழற்சிக்குத் தரப்படும் மேலை மருந்தான இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுப்பது 1994-இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் 88 பேருக்கு அந்த அழற்சி கண்டதாகவும், அவர்களில் 10 பேர் இறந்ததாகவும் 1996 மார்ச்சில் அரசு அவசர அறிவிப்பு வெளியிட்டது. ஷோவைப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று மரபாளர்கள் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை. நாடியைத் தொட்டு நுரையீரல் அழற்சியை முன்கூட்டி அறிந்துவிடலாம் என்பதற்கு அவர்கள் சான்று காட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26-ஆம் அத்தியாயத்தில் சீனத்தில் தோன்றிய மரபு மருத்துவத்தின் நோய்களுக்கும் கோலங்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. இறப்புக் காரணத்தைப் பதிவு செய்ய அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரையறையும் உண்டு, அது சரியானதே.

என் சொந்த அனுபவத்தில், மூன்று மாதம் கழித்துச் சென்றபோது முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாம் வரி மாறியிருந்தது, மருந்தும் மாறியது. தும்மல் குறைந்ததற்கு மருந்து காரணமா, அந்த மாதத்தின் மழை காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. வேறொரு மருத்துவர் அந்த இரண்டாம் வரியை அப்படியே எழுதியிருப்பாரா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஏறத்தாழ 40 முடக்குவாத நோயாளிகளை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியே பார்த்த ஆய்வில், கோலத்தைக் குறித்து அவர்களிடையே இருந்த உடன்பாடு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.